முதுமையும் பெயர்ப் பதிவும்



பேராதனையிலே கலஹாச் சந்தி என்று ஒரு சந்தி உண்டு. அங்கிருந்து பிரியும் பாதை பல்கலைக்கழக வளவினூடே சென்று, ஹிந்தகலையைக் கடந்து, வளைந்து வளைந்து மேலேறிக் கலஹாவை அடைகின்றது. அதற்கப்பால் தெல்தோட்டைக்குச் செல்கின்றது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் பத்தொன்பது ஏக்கர் நிலத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் இம்மலைப் புறத்திலேதான் இருக்கின்றது. இலங்கைத் தேயிலையின் தொட்டில் என்று உலகம் அறிந்த இடம் இது. அந்தத் தேயிலையோடு தம் ஆயுளைக் கழித்து, இப்பொழுது கூடையை இறக்கி வைத்துவிட்ட முதியோர் இங்கே எத்தனையோ பேர் வாழ்கின்றனர். அவர்களைப் பற்றியும், அவர்களுக்கு உரிய வைத்திய வசதி, உதவிப் பணம் என்பவற்றைப் பற்றியும், அவற்றைப் பெறுவதற்குப் பெயர் பதியும் முறையைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் உண்டு. "இன்றைக்கு முழுப்பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம் கிடைத்தது என்பது கருத்து. "அரைப்பேர்" என்றால் பாதிச் சம்பளம். செக்றோலிலே பேர் விழுந்தால் அடுப்பு எரியும்; விழாவிட்டால் எரியாது. பதினாறு, பதினேழு வயதிலே தொடங்கி நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் 'பேர்' விழுந்ததா என்று பார்த்தே பழகிய ஒருவருக்கு, வேலை நின்றதும் ஓர் எண்ணம் உண்டாகின்றது: "என் பேர் செக்றோலில் இல்லை, இனி எனக்கு எதுவும் இல்லை" என்பதே அது. இந்த எண்ணம் ஒரு பாதி முற்றாகத் தவறு. மற்றப் பாதி எச்சரிக்கையோடு கவனிக்க வேண்டியது. எந்தப் பாதி தவறு, எந்தப் பாதியில் கவனம் வேண்டும் என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முதலிலே வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். 1912ஆம் ஆண்டில் நிறைவேறிய வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலே வாழும் தொழிலாளரின் நோய்க்கு வைத்தியம் செய்யும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. அதன் வழியாக வந்ததே தோட்டத்து டிஸ்பென்சரி. டிஸ்பென்சர் மருந்து கொடுப்பார். அவரால் இயலாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவார். வைத்தியம் தோட்டத்தோடும் துரையோடும் துண்டோடும் பிணைந்திருந்த காலம் அது. பின்னர் நாடு சுதந்திரம் அடைந்தது. 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசமாயிற்று. இடையிலே 1971ஆம் ஆண்டில் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடும் முறை வந்தது. 1977இல் அதுவும் நீக்கப்பட்டது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றுட் பெரும்பகுதியின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்ணூறுகளிலே தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கமே பொறுப்பேற்கத் தொடங்கியது.

இந்த மாற்றங்களின் பயனை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை பெறுவதற்குச் செக்றோலும் வேண்டியதில்லை, தோட்டத்துத் துண்டும் வேண்டியதில்லை, சந்தாவும் வேண்டியதில்லை. கலஹாவில் உள்ள அரசாங்க வைத்தியசாலையாயினும், பேராதனைப் போதனா வைத்தியசாலையாயினும், கண்டித் தேசிய வைத்தியசாலையாயினும், வேலை செய்யும் மகனுக்குத் திறந்திருக்கும் கதவு வேலையை விட்ட தாய்க்கும் திறந்தே இருக்கின்றது. "நான் வேலையை விட்டு ஐந்து வருஷமாயிற்று, எந்த முகத்தோடு துண்டு கேட்பேன்?" என்று கூசிச் சலரோகத்தையும் இரத்த அமுக்கத்தையும் உடலுக்குள்ளே வளரவிடும் முதியோர் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கு இச்செய்தி போய்ச் சேர வேண்டும். துண்டு இருந்தால் நல்லது. நோயின் வரலாற்றை வைத்தியர் அறிய அது உதவும். அது இல்லை என்பதற்காக எவரும் வீட்டிலே இருந்துவிட வேண்டியதில்லை.

அவசர வேளையிலே 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் 'சுவ செரிய' அம்புலன்ஸ் வண்டி வரும். அதற்கும் கட்டணம் இல்லை. 2016ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய இச்சேவை 2019இல் நாடு முழுவதற்கும் பரவியது. தோட்டப் பாதையிலே வண்டி எவ்விடம் வரை வர முடியும், நோயாளியை எந்தச் சந்திக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது புத்தி. நடு இரவிலே மழைக்குள் நின்று யோசிப்பதற்கு இது ஏற்ற விஷயமன்று.

இலவசம் என்றவுடன் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகளுக்கு எவ்வளவு தட்டுப்பாடு உண்டாயிற்று என்பதை நாம் அனைவரும் அனுபவித்தோம். சில மருந்துகளையும் சில பரிசோதனைகளையும் வெளியிலே பணம் கொடுத்துப் பெற வேண்டிய நிலை நேர்வதுண்டு. மலையிலிருந்து கண்டிக்கு வந்து போகும் பஸ் செலவு ஒன்றே ஒரு முதியவருக்குப் பெருஞ்செலவு. ஆகவேதான் வைத்தியத்தோடு பணத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கின்றது. முன்னே நான் சொன்ன மற்றப் பாதியும் இதுதான். வைத்தியம் பெயர் பதியாமலே கிடைக்கின்றது. பணமோ, பெயர் பதிந்தவருக்கே, அதுவும் பிழையின்றிப் பதிந்தவருக்கே, உரிய வேளையிலே கிடைக்கின்றது.

இங்கே வயது ஒவ்வொன்றும் ஒரு வாசற்படி போன்றது. எந்தப் படியிலே எதைக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதற்படி, பெண்களுக்கு 50 வயது. ஆண்களுக்கு 55 வயது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வயது இது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோரின் பங்காக 12 வீதமும் இந்நிதியிலே சேர்கின்றன. 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் கொள்வோர் 3 வீதம் செலுத்துகின்றனர். இந்த நம்பிக்கை நிதியத்தைப் பற்றிப் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. தொழிலில் இருக்கும் உறுப்பினருக்குக் கண்ணிலே வைக்கும் வில்லைக்கும், இருதய சத்திர சிகிச்சைக்கும் இந்நிதியம் பண உதவி வழங்குகின்றது. கண்ணிலே புரை விழுந்து கொழுந்தின் நிறம் மங்கத் தொடங்கியவர், "வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவது இக்காரணத்தால் நஷ்டமாக முடியலாம். பேர் விழும் காலத்திலேயே விசாரிக்க வேண்டிய உரிமை இது.

இரண்டாவது படி, 60 வயது. 2021ஆம் ஆண்டின் சட்டம் தனியார் துறைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஓய்வு வயதைப் படிப்படியாக 60 வரை உயர்த்தியது. சேமலாப நிதியைப் பெறும் வயது வேறு, ஓய்வு பெறும் வயது வேறு என்பதை இங்கே மறக்கலாகாது. ஓய்வு பெறும்போது கிடைப்பது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷங்களுக்குக் குறையாது வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, நிறைவான ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினான்கு நாட் சம்பளம் வீதம் இது கணக்கிடப்படும். ஓர் உதாரணம் சொல்கின்றேன். ஒருவருடைய கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்றும், சேவை முப்பது வருஷம் என்றும் வைத்துக்கொள்வோம். பதினான்கு நாட் சம்பளம் 18,900 ரூபா. முப்பது வருஷத்துக்கு 5,67,000 ரூபா. வேலை முடிந்து முப்பது நாட்களுக்குள் இதனைச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். செலுத்தப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தின் கந்தோரிலே முறைப்பாடு செய்யலாம். தோட்டங்கள் சிலவற்றிலே சேமலாப நிதியும் பணிக்கொடையும் நிலுவையாக நின்றதைப் பற்றி மலையகத்திலே நெடுங்காலமாகப் பேசப்படுகின்றது. பேசிக்கொண்டிருப்பது போதாது, எழுத்திலே முறைப்பாடு இருக்க வேண்டும், அதன் பிரதி ஒன்று நம் கையிலே இருக்க வேண்டும்.

இதே 60 வயதிலே முதியோர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், அதாவது முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இதற்கு அடிப்படை. கிராம உத்தியோகத்தரின் சான்றோடு பிரதேச செயலகத்திலே இதனைப் பெறலாம். வைத்தியசாலையிலும் கந்தோர்களிலும் வரிசையிலே முன்னுரிமை கேட்பதற்கு இந்த அட்டை துணை செய்யும்.

மூன்றாவது படி, 70 வயது. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவுக்குரிய வயது இது. இக்கொடுப்பனவு முன்னர் 2,000 ரூபாவாக இருந்தது. பின்னர் 3,000 ஆயிற்று. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தால் 5,000 ரூபாவாக உயர்ந்தது. இதனோடு தொடர்புடையதுதான் 'அஸ்வெசும' என்னும் நலன்புரித் திட்டம். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தை இது பிடித்தது. குடும்பங்களைப் பிரிவுகளாக வகுத்து இத்திட்டம் பணம் வழங்குகின்றது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா என்றிருந்தது 10,000 ஆகவும், மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா என்றிருந்தது 17,500 ஆகவும் கூட்டப்பட்டன.

இதிலே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, விண்ணப்பம் கோரப்படும் காலம் குறுகியது. பட்டியல் வெளிவந்த பின் மேன்முறையீடு செய்வதற்கும் நாட்கணக்கு உண்டு. "எப்படியும் பிறகு வரும்" என்று இருந்துவிட்டால் அடுத்த அழைப்பு வரும் வரை காத்திருக்க நேரிடும். இரண்டாவது, கணக்கெடுப்பு குடும்பத்தை அலகாகக் கொண்டது. மகனுடைய குடும்பத்தோடு ஒரே லயக்காம்பராவில் இருக்கும் தாயின் பெயர் அந்த விண்ணப்பத்திலே எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எழுதப்படாவிட்டால், அரசாங்கத்தின் கணக்கிலே அவள் எங்கும் இல்லாதவள் ஆகின்றாள். மூன்றாவது, முதியவரின் பணம் எவருடைய வங்கிக் கணக்கிலே விழுகின்றது என்பதை அந்த முதியவரே அறிந்திருக்க வேண்டும். பிள்ளைகளை ஐயுறச் சொல்கின்றேன் என்று எண்ண வேண்டாம். மருந்துக்குரிய பணம் மருந்துக்கு ஆகின்றதா என்று கேட்பது தாய் தந்தையரின் உரிமை.

பாரிய சத்திர சிகிச்சைக்குப் பணம் வேண்டிய வேளையிலே ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. முன்னர் இதற்காகக் கொழும்புக்குப் போய் வர வேண்டியிருந்தது. 2025 பெப்ருவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பத்தை ஒப்படைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கலஹாவில் உள்ள நோயாளிக்கு இது பெரிய மாற்றம்.

நேயர்களே, இப்படிகள் அனைத்திலும் ஏறுவதற்கு ஒரே ஒரு கைப்பிடிதான் உண்டு, அதுவே பெயர். மலையகத்து முதியோர் பலருக்கு இடறுவதும் அங்கேதான். ஓர் அம்மையாரை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். பிறந்தபோது கருப்பாயி என்று பெற்றோர் பெயரிட்டனர். செக்றோலிலே கிளாக்கர் கருப்பம்மா என்று எழுதினார். அடையாள அட்டையிலே கருப்பாயம்மாள் என்று வந்தது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் 'எஸ்', ஓரிடத்தில் 'சி'. பிறப்புச் சாட்சிப் பத்திரமோ கிடையாது. அவள் கொழுந்து பறித்த காலமெல்லாம் இந்த மூன்று பெயர்களும் ஒருத்தியே என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பணம் பெறப் போகும் அன்றுதான் மூன்று பேராகப் பிரிந்து நிற்கின்றாள்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றிலே காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பெயர்ப் பட்டியல்களாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோரின் பிரஜாவுரிமை உறுதியாயிற்று. பத்திரங்களே இல்லாதபடி ஒரு தலைமுறை வாழ நேர்ந்தது அவர்களுடைய குற்றமன்று. ஆயினும் அதனைச் சரிசெய்யும் வேலை இன்று நம்முடையதாய் இருக்கின்றது.

சரிசெய்ய வழி உண்டு. பிறப்புப் பதிவு கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. பெயர் வேறுபாட்டுக்கு, இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக் கடதாசி முடிக்கலாம். தோட்ட நிருவாகத்திடமிருந்து சேவைக்காலக் கடிதம் பெறலாம். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று பெறலாம். சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கத்தையும், அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரே தாளிலே எழுதி வைக்கலாம். இவற்றையெல்லாம் 70 வயதிலே, கண்ணும் காலும் தளர்ந்த பிறகு செய்வதைவிட, 50 வயதிலே செய்வது எளிது. அன்றைக்கு அந்தத் தோட்டத்திலே கிளாக்கர் உயிரோடிருப்பார். பழைய புத்தகம் கறையான் தின்னாமல் இருக்கும். சாட்சி சொல்லும் தோழிமாரும் இருப்பர். தமிழிலே விண்ணப்பிப்பதும் தமிழிலே பதில் கேட்பதும் சட்டம் தந்த உரிமை. விளங்காத மொழியில் உள்ள படிவத்திலே கைநாட்டு வைக்க வேண்டாம்.

பெயர்ப் பதிவின் கெடுபிடி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்று, நீலகிரியிலே கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலே குடியேறிய நம் உறவினரை நினைத்துப் பாருங்கள். அங்கே 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, 70 வயது நிறைந்த எவரும் வருமான பேதமின்றி வருஷமொன்றுக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபா வரையிலான வைத்தியசாலைச் சிகிச்சையைப் பெறும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதற்கும் ஆதார் அட்டையைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். அமெரிக்காவிலே 1965ஆம் ஆண்டு மெடிக்கேர் என்னும் முதியோர் வைத்தியக் காப்பீடு ஏற்பட்டது. 65 வயதாகும் மாதத்தைச் சூழ்ந்த ஏழு மாதங்களுக்குள் அதிலே பெயர் பதிய வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால், வைத்தியர் கட்டணத்துக்கான பகுதியிலே, பிந்திய ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்து வீதம் சந்தா கூடும். அந்தத் தண்டம் பெரும்பாலும் ஆயுள் முழுதும் தொடரும். அங்கே வைத்தியத்துக்கே பெயர் பதிய வேண்டியிருக்கின்றது. நமக்கோ வைத்தியத்தின் கதவு திறந்தே இருக்கின்றது; பணத்தின் கதவுக்கு மட்டுமே திறவுகோல் வேண்டும். அந்தத் திறவுகோலை நாமே தொலைத்துவிடலாகாது.

இறுதியாக, இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அம்மாயியோ அப்பாயியோ தாத்தாவோ பத்திரங்களைப் பொலித்தீன் பையிலே சுற்றி அதற்குள் வைத்திருப்பார்கள். அவர்களுள் வாசிக்கத் தெரியாதவர் உண்டு. நீங்கள் வாசிக்கக் கற்றது அவர்கள் சுமந்த கூடையினால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் அவர்கள் கேட்கும்படி உரக்க வாசியுங்கள். பெயர் எங்கெங்கே எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது என்று ஒரு கொப்பியிலே குறியுங்கள். வேறுபாடு இருந்தால் மறுநாளே கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்லுங்கள். கிளினிக்குப் புத்தகத்தையும் அதே பையிலே வையுங்கள்.

நாற்பது வருஷம் நாள் தவறாமல் பேர் விழ உழைத்தவர்கள் அவர்கள். கடைசியாக ஒருமுறை அந்தப் பெயரைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பது நம்முடைய கடன்.